வெராக்ரூஸ் ஒரு மாவட்டம் அல்ல: கலைக்களஞ்சியப் பதிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பதிப்புக் குழுவினருக்கு,

உங்கள் கலைக்களஞ்சியத்தின் புதிய தொகுதி மூன்று மாதங்களுக்கு முன் அஞ்சலில் வந்து சேர்ந்தது. மெக்சிகோ வளைகுடாக் கரையில் உள்ள வெராக்ரூஸ் நகரைப் பற்றி நான் எழுதி அனுப்பிய பதினான்கு பக்கக் கட்டுரை, அதில் ஒன்றரைப் பக்கமாக அச்சாகியிருக்கிறது. பக்கம் குறைந்ததற்காக இந்த மடலை எழுதவில்லை. கலைக்களஞ்சியத்துக்கு எழுத ஒப்புக்கொள்கிறவன் கத்தரிக்கோலுக்குத் தலையை நீட்டிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறான். எது போயிற்று, எது தங்கிற்று என்பதே என் முறையீடு. கோட்டை தங்கிற்று, கார்னிவல் தங்கிற்று, காப்பிக் கடைகள் தங்கின, அந்நியப் படைகள் வந்து போன கதையும் தங்கிற்று. அந்த ஊரின் நகராட்சி மன்றம் ஐந்நூறு ஆண்டுகளில் யார் யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்று நான் எழுதியிருந்த பகுதி அடியோடு போயிற்று. காரணம் கேட்டதற்கு, உள்ளாட்சி விவரங்கள் பொது வாசகருக்குச் சுவை தராது என்று ஒரே வரியில் பதில் வந்தது. இரண்டு முறை தனி மடல் எழுதியும் அந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் வராததால், இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். இருபத்தெட்டு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து, கடைசி ஆறு ஆண்டுகள் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவன். வெராக்ரூஸ் துறைமுகத்துக்குப் பதினோரு முறை போயிருக்கிறேன். குளிர்காலத்தில் அங்கே 'நோர்த்தே' என்னும் வடகாற்று வீசத் தொடங்கினால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள். கப்பல் நாள்கணக்கில் கட்டிக் கிடக்கும். அப்படிக் கிடந்த நாள்களில்தான் நகரச் சதுக்கத்தில், 17-ஆம் நூற்றாண்டில் எழும்பிய நகராட்சி மாளிகையின் எதிரே உட்கார்ந்து அந்த ஊரைக் கற்றேன். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எனக்கு ஆசிரியராக வாய்த்தார். கேட்டதையெல்லாம் பிறகு ஊருக்கு வந்து பல ஆண்டுகள் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, நிற்பதை மட்டும்தான் உங்களுக்கு எழுதினேன்.

அச்சானதில் முதல் வரியே தவறு. "1519 இல் எர்னான் கொர்த்தேஸ் நிறுவிய வெராக்ரூஸ், அமெரிக்கப் பெருநிலத்தின் முதல் நகராட்சியாகும்" என்று இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான் பெருமையாகச் சொல்வார்கள் என்று நான் எழுதியிருந்தேன். அடுத்த வாக்கியத்திலேயே, இன்றைய கொலம்பியக் கரையில் 1510 இல் எழுந்த சாந்தா மரியா லா அந்திகுவா தெல் தாரியேன் என்ற குடியேற்றத்துக்கு அதற்கு முன்பே மன்றம் இருந்தது, ஆகவே மெக்சிகோவின் முதல் நகராட்சி மன்றம் என்பதே பொருந்தும் என்றும் எழுதியிருந்தேன். நீங்கள் பெருமையை வைத்துக்கொண்டு திருத்தத்தை வெட்டிவிட்டீர்கள்.

'நிறுவிய' என்ற சொல்லுக்குள் என்ன நடந்தது என்பதுதான் வெட்டுப்பட்ட பகுதியின் தொடக்கம். ஸ்பானியப் படைத்தலைவர் கொர்த்தேஸ் 1519 ஏப்ரலில், பெரிய வெள்ளிக்கிழமையன்று, சான் ஹுவான் தே உலுவா தீவுக்கு எதிர்க்கரையில் இறங்கினார். கியூபாவின் ஆளுநர் தியேகோ வெலாஸ்கெஸ் அவருக்குக் கொடுத்திருந்த ஆணை, கரையை ஆராய்ந்து பண்டமாற்று செய்துகொண்டு திரும்புவதற்கு மட்டுமே. குடியேறவோ நாடு பிடிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. மேலே போனால் ஆணை மீறல், திரும்பினால் கைக்கெட்டியது போய்விடும். அந்த இக்கட்டிலிருந்து வெளியேற அவர் கண்ட வழிதான் நகராட்சி. காஸ்தீலியச் சட்ட மரபின்படி ஒரு நகரின் மன்றம் இடையில் யாரும் இல்லாமல் மன்னரிடமே முறையிடலாம். எனவே ஒரு வீடுகூட இல்லாத மணல்மேட்டில், கொசுக்கடிக்கு நடுவே, 'வில்லா ரிக்கா தே லா வெரா க்ரூஸ்' என்று ஊருக்குப் பெயர் வைத்து, தம் ஆள்களையே மன்றத்தாராக அமர்த்தினார். அலோன்சோ எர்னாந்தெஸ் போர்த்தோகரேரோவும் பிரான்சிஸ்கோ தே மொந்தேஹோவும் முதல் அல்கால்தேக்கள், அதாவது நகர நடுவர்கள். பிறகு கொர்த்தேஸ் வெலாஸ்கெஸ் கொடுத்த பதவியை அந்த மன்றத்திடமே துறந்தார். மன்றம் அரசரின் பெயரால் அவரையே தலைமைத் தளபதியாகவும் தலைமை நீதிபதியாகவும் திரும்ப நியமித்தது. ஜூலை 10 தேதியிட்ட மன்றத்தின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அதே இரு அல்கால்தேக்களும் ஸ்பெயினுக்குக் கப்பலேறினார்கள். சதுக்கத்தில் தண்டனைத் தூணும் ஊருக்கு வெளியே தூக்குமரமும் நட்டார்கள் என்று உடனிருந்த படைவீரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக்கு முன்பே தூக்குமரம் வந்துவிட்ட ஊர் அது.

இத்தனைக்கும் ஆட்சியே இல்லாத நிலத்தில் அந்த மன்றம் முளைக்கவில்லை. சில காத தூரத்தில் செம்போவாலாவில் தொத்தொனாக் மக்களின் நகரமும் தலைவரும் இருந்தார்கள். அவர்கள் ஒத்துழைத்திராவிட்டால் இந்தக் காகித நகராட்சி அந்தக் கோடையைத் தாண்டியிருக்காது. ஊரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கியாவிஸ்த்லானுக்கு அருகே போயிற்று. பிறகு இன்று லா அந்திகுவா என்று வழங்கும் ஆற்றங்கரைக்குப் போயிற்று. 16-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், முதன்முதல் இறங்கிய அதே உலுவா எதிர்க்கரைக்குத் திரும்பி வந்தது. இடம் மாறிய ஒவ்வொரு முறையும் மன்றமும் பெயரும் கூடவே பயணம் செய்தன. ஸ்பானியர்களின் கணக்கில் மன்றம் எங்கே கூடுகிறதோ அங்கேதான் ஊர்.

ஆகவே, கமிட்டியாரே, வெராக்ரூஸ் என்ற ஊர் பிறந்ததே ஒரு நகராட்சித் தீர்மானத்தால். அந்த ஊரின் கதையில் உள்ளாட்சி சுவை தராத பகுதி என்று சொல்வது, தேரை வைத்துக்கொண்டு அச்சாணியைக் கழற்றி எறிவதைப் போன்றது.

காலனியக் காலத்தைப் பற்றி நான் நீளமாக எழுதவில்லை. மன்ற உறுப்பினரான ரெஹிதோர் பதவிகள் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அரசால் ஏலத்தில் விற்கப்பட்டன, வாங்கியவர்கள் பரம்பரைச் சொத்தாக்கிக்கொண்டார்கள் என்ற அளவில் நிறுத்தியிருந்தேன். 1812 இல் காதிஸ் நகரில் இயற்றப்பட்ட ஸ்பானிய அரசியலமைப்பு அந்த நிரந்தரப் பதவிகளை ஒழித்தது. ஆயிரம் பேர் வாழும் ஊர்களுக்கெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வேண்டும் என்றது. அதே அரசியலமைப்புதான், மேலிருந்து நியமிக்கப்படும் 'ஹெஃபே பொலிதிகோ' என்ற அதிகாரியையும் கொண்டுவந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடித்துக்கொண்ட கதை அங்கே தொடங்குகிறது. இந்த ஹெஃபே பொலிதிகோவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அச்சுப்பிழைக்கு அவர்தான் உயிர் கொடுத்திருக்கிறார்.

'முனிசிபியோ' என்ற ஸ்பானியச் சொல்லை நான் 'நகராட்சி' என்றும், தெளிவு வேண்டிய இடங்களில் 'முனிசிபியோ' என்றும் எழுதியிருந்தேன். நகரத்தோடு அதைச் சுற்றிய சிற்றூர்களையும் வயல்களையும் சேர்த்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே மன்றம் ஆளும் பகுதி என்பதால் நம் சொல் முழுதும் பொருந்தாது என்று அடிக்குறிப்பும் கொடுத்திருந்தேன். நீங்கள் அடிக்குறிப்பை நீக்கி, எல்லா இடத்திலும் 'மாவட்டம்' என்று மாற்றியிருக்கிறீர்கள். பரப்பைப் பார்த்துச் செய்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. ஆனால் மாவட்டம் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் யார் வந்து நிற்கிறார்? மேலிருந்து அனுப்பப்பட்ட ஆட்சியர். மெக்சிகோவில் அப்படிப்பட்ட ஓர் ஆளைத் துரத்துவதற்காகத்தான் ஒரு புரட்சியே நடந்தது.

புரட்சிக்கு முந்தைய அதிபர் போர்ஃபிரியோ தியாஸின் நீண்ட ஆட்சிக் காலத்தில் வெராக்ரூஸ் மாநிலம் பதினெட்டு கந்தோன்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெஃபே பொலிதிகோ. ஊர்த் தேர்தலில் யார் வெல்ல வேண்டும் என்பதைக் கவனித்துக்கொள்வதும், தலை நிமிர்ந்து பேசுகிறவனைக் கட்டாயப் படைச் சேர்ப்பில் தள்ளிவிடுவதும், மன்றங்களின் செலவுக்குத் தலையசைப்பதும் அவர் வேலை. மன்றங்கள் இருந்தன, கூடின, தீர்மானம் எழுதின. அவர் விரும்பாத எதுவும் நடக்கவில்லை. 1906 இல் மெக்சிகோ லிபரல் கட்சி வெளியிட்ட திட்டத்தில் ஹெஃபே பொலிதிகோ பதவியை ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கை இடம்பெற்றதற்கு இதுதான் காரணம். நிலத்துக்காக மட்டும் நடந்த புரட்சி என்று நினைக்கிற நம் வாசகருக்கு இது புதிய செய்தி. சுவையற்ற செய்தி அல்ல.

அடுத்து 1914. உங்கள் ஒன்றரைப் பக்கத்தில் இது ஒரு வாக்கியம்: அமெரிக்கப் படைகள் நகரைக் கைப்பற்றின, ஏழு மாதங்களுக்குப் பின் வெளியேறின. ஏப்ரல் 21 அன்று அவர்கள் இறங்கியபோது மெக்சிகோவின் கூட்டாட்சிப் படையின் பெரும்பகுதி நகரை விட்டுப் பின்வாங்கியது. கடற்படைப் பள்ளி மாணவர்களும் துறைமுகத் தொழிலாளரும் ஊர் மக்களும்தான் தெருத்தெருவாக எதிர்த்து நின்றார்கள். அதைக்கூட விடுங்கள். சண்டை ஓய்ந்ததும் அமெரிக்கத் தளபதி நகர அதிகாரிகளைத் தத்தம் பணியில் தொடரும்படி கேட்டார். அந்நியப் படையின்கீழ் பணியாற்றுவது மெக்சிகோச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்று சொல்லி அவர்கள் மறுத்தார்கள். வேறு வழியின்றி ஜெனரல் ஃபன்ஸ்டன் தலைமையில் இராணுவ ஆட்சி அமைக்க வேண்டியதாயிற்று. துப்பாக்கியால் தடுக்க முடியாததை, குறைந்தபட்சம் நகராட்சியின் முத்திரையைக் கொடுக்க மறுத்துத் தடுத்தார்கள். 'நான்கு முறை வீர நகரம்' என்ற பட்டத்தை நீங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த வீரத்தில் குமாஸ்தாக்களுக்கும் பங்குண்டு என்று நான் எழுதிய வரியை அச்சிடவில்லை.

நவம்பர் 23 அன்று அமெரிக்கர்கள் கப்பலேறினார்கள். அப்போது தலைநகரை இழந்திருந்த புரட்சித் தலைவர் வெனுஸ்தியானோ கர்ரான்சா தம் அரசை வெராக்ரூஸுக்குக் கொண்டுவந்தார். அந்த டிசம்பர் முடிவதற்குள், அந்தத் துறைமுக நகரிலிருந்து, 'முனிசிபியோ லிப்ரே', அதாவது சுதந்திர நகராட்சிச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மாநிலங்களின் ஆட்சிக்கு அடித்தளம் நகராட்சியே. அதன் மன்றத்தை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மன்றத்துக்கும் மாநில அரசுக்கும் இடையில் எந்த அதிகாரியும் இருக்கக் கூடாது. இதுவே அதன் சாரம். கடைசிச் சொற்றொடர்தான் ஹெஃபே பொலிதிகோவின் மரண ஓலை. 1917 அரசியலமைப்பின் 115-ஆம் பிரிவில் அது நிலைபெற்றது. இதே ஊரிலிருந்துதான் 1859 இல் அதிபர் பெனித்தோ ஹுவாரெஸ் பிறப்பு, திருமணப் பதிவையும் இடுகாடுகளையும் திருச்சபையிடமிருந்து எடுத்துக் குடியரசின் கையில் தரும் சட்டங்களைப் பிறப்பித்தார். ஒரே துறைமுகத்திலிருந்து இரண்டு முறை ஒரு நாட்டின் குடிமை வாழ்வு திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஊரின் பதிவிலிருந்து 115-ஆம் பிரிவை நீக்கிவிட்டு, கார்னிவல் ஊர்வலத்துக்கு அரைப்பக்கப் படம் போட்டிருக்கிறீர்கள்.

சுதந்திரம் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. இதையும் நான் மறைக்காமல் எழுதியிருந்தேன். கெரெத்தாரோ நகரில் 1917 அரசியலமைப்பை இயற்றிய அவை கூடியபோது, வெராக்ரூஸ் மாநிலத்தின் எரிபெர்தோ ஹாராவும், இலாரியோ மெதினாவும், நகராட்சிக்குத் தன் வரியைத் தானே வசூலிக்கும் உரிமை இல்லாவிட்டால் அரசியல் சுதந்திரம் வெறும் பேச்சாகிவிடும் என்று வாதாடினார்கள். அவர்கள் வாதம் தோற்றது. எந்த வரி நகராட்சிக்கு என்பதை மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கும் என்று முடிவாயிற்று. வெராக்ரூஸைவிட இது உறுத்தும் இடம் வேறில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் கருவூலம் பெரிதும் நம்பியிருந்தது இந்தத் துறைமுகத்தின் சுங்கத்தைத்தான். 1861 இல் ஹுவாரெஸ் அரசு அந்நியக் கடன் தவணைகளை நிறுத்தியபோது ஸ்பெயினும் பிரிட்டனும் பிரான்சும் நேராக வந்து இறங்கியதும் இங்கேதான். துறைமுகம் அன்றும் இன்றும் மத்திய அரசுடையது. நான் கேப்டனாக இருந்த ஆண்டுகளில் அங்கே கட்டிய கட்டணச் சீட்டுகளில் நகராட்சியின் பெயரை ஒரு தடவையும் கண்டதில்லை. ஆனால் என் கப்பலிலிருந்து இறங்கிய கன்டெய்னர் லாரிகள் உருண்டது நகரத் தெருக்களில். மழைக்காலத்தில் முழங்கால் நீரில் நின்று அந்தத் தெருவின் சாக்கடையைக் குத்திவிட்டது நகராட்சி ஊழியர்.

1922 வாடகை நிறுத்தப் போராட்டத்தைப் பற்றி நீங்கள் நான்கு வரி விட்டுவைத்ததற்கு நன்றி சொல்லியிருப்பேன், அந்த நான்கு வரியில் ஆள்மாறாட்டம் நடக்காமல் இருந்திருந்தால். ரஃபாயேல் கார்சியா நகராட்சித் தலைவர். அடால்பெர்தோ தெஹேதா மாநில ஆளுநர். உங்கள் பதிவில் கார்சியா ஆளுநராகிவிட்டார், தெஹேதாவைக் காணோம். இது வெறும் பெயர்ப் பிழை அல்ல; அந்தப் போராட்டத்தின் முடிச்சே இந்த இருவருக்கும் இடையிலுள்ள அதிகார வேற்றுமையில் இருக்கிறது. நெருக்கடியான முற்றக் குடியிருப்புகளில் ஏறிக்கொண்டே போன வாடகையைத் தர மாட்டோம் என்று முதலில் எழுந்தவர்கள் அந்த ஊரின் பாலியல் தொழிலாளிகள். எரோன் புரோவால் என்ற தையற்காரர் தலைமையில் வாடகைதாரர் சங்கம் வளர்ந்து, நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகையை நிறுத்தினார்கள். 'நான் வேலைநிறுத்தத்தில் இருக்கிறேன், வாடகை தரமாட்டேன்' என்ற சீட்டுகள் கதவுகளில் தொங்கின. சரக்குக் கணக்கெழுதிய என் முதியவரின் பாட்டி லா ஹுவாகா பேட்டையின் மரவீடு ஒன்றில் அந்தச் சீட்டை ஒட்டியவளாம். நகராட்சித் தலைவரும் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். மக்கள் பக்கம் சாய்வுள்ளவர். ஆனால் வாடகைக்குச் சட்டம் போடும் அதிகாரம் மன்றத்துக்கு இல்லை, நகரில் நின்ற படையும் அதன் சொல்லைக் கேட்பதில்லை. ஜூலையில் படையினர் சுட்டார்கள், பலர் மாண்டார்கள், புரோவால் சிறை போனார். அடுத்த ஆண்டு தெஹேதாவின் காலத்தில் மாநிலச் சட்டமன்றம் வாடகைச் சட்டம் இயற்றியது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தால் எது முடியும், எது முடியாது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் துல்லியமான பாடம் எனக்குத் தெரியாது. நீங்கள் கார்சியாவை ஆளுநராக்கியதும் அந்தப் பாடம் கரைந்துவிட்டது.

பிற்காலத்தை நான் சுருக்கமாகவே எழுதியிருந்தேன், அதில் நீங்கள் கைவைக்க இடமே இல்லை. 1947 இல் மெக்சிகோப் பெண்கள் முதலில் நகராட்சித் தேர்தல்களில்தான் வாக்குரிமை பெற்றார்கள். நாடு தழுவிய வாக்குரிமை 1953 இல் வந்தது. 115-ஆம் பிரிவுக்கு வந்த 1983 திருத்தம் குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, சந்தை, இடுகாடு ஆகியவை நகராட்சியின் பொறுப்பு என்று வரிசையிட்டு, சொத்துவரியையும் அதற்குத் தந்தது. ஹாரா கேட்டதில் ஒரு பங்கு அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து வந்தது. 2014 இல் நகராட்சித் தலைவர் தொடர்ந்து இன்னொரு முறை நிற்கலாம் என்று ஆயிற்று, பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மிகாமல் இருந்தால். வெராக்ரூஸ் மாநிலத்தில் பதவிக்காலம் நான்காண்டு. ஆகவே சுதந்திர நகராட்சிச் சட்டம் பிறந்த ஊரின் தலைவருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. வாசகரும் சிரித்திருப்பார்.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். கலைக்களஞ்சியத்தின் மின்பதிப்பில் 'மாவட்டம்' என்ற சொல்லை இந்தப் பதிவு முழுவதிலும் நீக்கி, 'நகராட்சி' அல்லது 'முனிசிபியோ' என்று மாற்றி, என் அடிக்குறிப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும். இதற்கு ஒரு நாள் வேலைகூட இல்லை. முதல் வரியில் 'அமெரிக்கப் பெருநிலத்தின்' என்பதை 'மெக்சிகோவின்' என்று திருத்த வேண்டும். கார்சியாவை அவர் பதவிக்குத் திருப்பி அனுப்பி, தெஹேதாவை உள்ளே கொண்டுவர வேண்டும். அச்சுத் தொகுதி வாங்கியவர்களுக்கு இந்த மூன்று திருத்தங்களையும் பிழைதிருத்தத் தாளாக அடுத்த தொகுதியோடு அனுப்ப வேண்டும். நகராட்சி வரலாற்றுப் பகுதியை மறுபதிப்பில் குறைந்தது இரண்டு பக்கமாவது சேர்க்க வேண்டும். பதினான்கு பக்கத்தை இரண்டாக்கும் வேலையை நானே ஊதியமின்றிச் செய்து தருகிறேன், கோட்டைப் படத்தைச் சிறிதாக்கினால் இடம் தானாகக் கிடைக்கும். மற்ற மெக்சிகோ நகரங்களின் பதிவுகளிலும் இதே 'மாவட்டம்' நுழைந்திருக்கிறதா என்று உங்கள் உதவியாசிரியர்களில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அகாபுல்கோ பதிவில் இருப்பதை நானே பார்த்தேன்.

இந்த மடல் கிடைத்த முப்பது நாளுக்குள், எவற்றைச் செய்வீர்கள், எவற்றைச் செய்ய மாட்டீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். செய்ய முடியாது என்பதே முடிவானால், வெராக்ரூஸ் பதிவின் அடியில் உள்ள என் பெயரை எடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர்,
தூத்துக்குடி